மேலக்காவின் இடுப்பளவு

"எட்டு புள்ளி ஒண்ணு" என்றார் டாக்டரம்மா, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே.

"பத்துக்கு எட்டா? பரவாயில்லையே" என்றாள் மேலக்கா.

"இது பரீட்சை இல்லம்மா. மூணு மாசமா உங்க ரத்தத்துல ஓடுற சர்க்கரையோட சராசரி. ஆறரையைத் தொட்டாலே வியாதின்னு பேரு. நீங்க எட்டைத் தாண்டி நிக்கறீங்க."

"நான் எதைத் தாண்டினாலும் உயரமாத்தான் தாண்டுவேன் டாக்டர்."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். துறைமுக ஆஸ்பத்திரியில் பத்து வருஷமாக இருக்கிறவர்; மேலக்காவின் வாய் அவருக்குப் புதிதல்ல.

மேலக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பேரில்லை. ஐந்தாம் நம்பர் கிரேனை ஓட்டுகிறவள் அவள். தரையிலிருந்து பத்து மாடி உயரத்தில், கண்ணாடித் தரை போட்ட ஒரு சின்னக் கூண்டு. அதற்குள் குனிந்து உட்கார்ந்து, இரண்டு காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடி, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்கி லாரிமேல் இறக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீட்டு அறை அளவு. அவள் இறக்கினால் லாரிக்காரன் கையில் இருக்கும் டீ தளும்பாது என்று துறைமுகத்தில் பேச்சு. இருபத்திரண்டு வருஷமாக மேலேயே இருக்கிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்?

"விளையாட்டு இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "மூணு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுப்பேன். ஏழுக்குக் கீழ வரணும். வரலேன்னா மேல ஏற நான் கையெழுத்துப் போட முடியாது. இது கம்பெனி சட்டம். உங்க கையில முப்பது டன் தொங்குது, கீழ மனுஷங்க நடக்கறாங்க."

"கையெழுத்துப் போடலேன்னா?"

"துறைமுகக் கேட்டுல லாரிச் சீட்டுக்கு முத்திரை குத்துற வேலை காலியா இருக்கு."

மேலக்காவின் முகத்தில் அப்போதுதான் முதல்முறையாகச் சிரிப்பு நின்றது. தரை வேலை! சட்டென்று எழுந்து, மாத்திரைச் சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"மூணு மாசம் எதுக்கு டாக்டர்? மூணே வாரத்துல இறக்கிக் காட்டறேன். பெட்டியையே இறக்கறவ நான். சர்க்கரை என்ன, அதைவிடக் கனமா?"

* * *

வீட்டில் அவள் புருஷன் முன்னறையில் தையல் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தெருவுக்கே தையல்காரர். கழுத்தில் இன்ச் டேப்பு, காதில் சாக்கட்டி, வாயில் குண்டூசி. ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் குச்சி எங்கே போட்டுக்கொள்கிறது என்று யாருக்கும் தெரியாது. சமையலும் அவர்தான். மேலக்கா ஆறு மணிக்கு வேலையில் இருக்க வேண்டியவள். கல்யாணமான புதிதிலேயே கரண்டி கை மாறிவிட்டது.

"என்னங்க, இன்னைலேருந்து எனக்குச் சோறு கிடையாது."

குண்டூசியை எடுத்து ஊசி மெத்தையில் குத்திவிட்டுக் கேட்டார். "ஏன், நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"நீங்க இல்ல. சர்க்கரை. எட்டு புள்ளி ஒண்ணு. ஏழுக்குக் கீழ வரலேன்னா என்னைக் கேட்டுல உக்கார வெச்சுடுவாங்களாம். மேலக்கா போய்க் கீழக்கா ஆயிடுவேன்."

"டாக்டர் சாப்பிடாதேன்னா சொன்னாங்க?"

"சொல்லாமலே புரிஞ்சுக்கறவதான் கெட்டிக்காரி. தின்னாத்தானே ஏறும்? தின்னலேன்னா எங்கேருந்து ஏறும்?"

"இந்தாம்மா, நான் உன்னைவிட ரெண்டு பங்கு திங்கறேன். எனக்கு ஏறலையே?"

"உங்களுக்குக் கல்லைத் தின்னாலும் கரையற உடம்பு. எனக்குப் பச்சைத் தண்ணி குடிச்சாலும் ஒட்டுது. ஆண்டவன் கணக்கே தனி."

அவர் அவளை மேலும் கீழுமாக ஒரு பார்வை பார்த்தார். தையல்காரர் பார்வை. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்புறம் குண்டூசியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டு மெஷினை மிதித்தார். மெஷின் மோட்டார் வைத்தது. மிதிப்பதென்றால் கால் கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான்.

அவள் சாப்பாட்டு வழக்கம் எப்படி என்று சொல்லிவிட வேண்டும். அதுதான் இந்தக் கதைக்கு அச்சாணி. காலையில் இனிப்பு டீ, இரண்டு பிஸ்கட். ஆறு மணிக்குக் கூண்டில் ஏறினால் இரண்டு மணிக்குத்தான் இறங்குவாள். நடுவில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். குடித்தால் ஒதுங்க வேண்டிவரும். ஒதுங்கக் கீழே வர வேண்டும். வந்தால் கப்பல் நிற்கும். "ஏறினா ஏறினதுதான்" என்பது அவளுடைய மந்திரம். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட நடுவில் இறங்கியதில்லை. மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து, காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு, விட்டுப்போன தண்ணீர் எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் முடித்துவிட்டு, அப்படியே சாய்வாள். உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்றால் கிரேன்காரிக்கு இருக்காதா?

இப்போது அந்த மூன்று மணிச் சாப்பாட்டையும் நிறுத்தினாள். சாயங்காலம் ஒரு கிண்ணம் கஞ்சி. மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொல்லியிருந்தார்கள். சாப்பாடே இல்லாதபோது எதோடு போடுவது? ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டாள்.

முதல் நாலு நாள் உடம்பு காற்றாகப் பறந்தது. "பாருங்க, இறங்குது" என்றாள். ஏழாம் நாள் புருஷன்மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தாள். பத்தாம் நாள் காரணத்தோடு எரிந்து விழுந்தாள். அவர் அவளுக்கு எதிரே உட்கார்ந்து மீன் வறுவலைச் சப்தம் போட்டுத் தின்றார்.

பன்னிரண்டாம் நாள், பதினோரு மணி வெயில். கூண்டுக்கு அடியில் ஒரு பச்சைப் பெட்டி ஊசலாடிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே லாரி. மேலக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு லாரி இரண்டு லாரியாயிற்று.

அவள் கெட்டிக்காரி என்பது அப்போது தெரிந்தது. எது நிஜ லாரி என்று யோசிக்கவில்லை. பிரேக்கைப் போட்டாள். வாக்கி டாக்கியை எடுத்தாள்.

"போர்மேன், அஞ்சாம் நம்பர். லாரியை வெளிய எடுக்கச் சொல்லு. ஆளுங்களை விலக்கு. பெட்டி தொங்கட்டும். எனக்குத் தலை சுத்துது. மாத்து ஆளை அனுப்பு."

அந்தப் பக்கத்திலிருந்து போர்மேன் குரல்: "யாரு பேசறது?"

"நான்தான்டா, மேலக்கா."

"அக்கா, நீ நடுவுல இறங்கறியா?"

"இறங்கறேன். பேச்சைக் குறைச்சுட்டு ஆளை அனுப்பு."

மாற்று ஆளாக நெட்டை என்கிறவன் லிப்டில் வந்து, அவள் கையைப் பிடித்து உள்ளே ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டு, தொங்கிய பெட்டியை இறக்கினான்.

* * *

டாக்டரம்மா முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு திட்டினார். ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி போய், புருஷன் கழுத்து டேப்போடு ஓடி வந்திருந்தார்; கதவோரம் நின்றார்.

"யார் சொன்னா பட்டினி கிடக்க?"

"சர்க்கரையை இறக்கத்தானே டாக்டர்..."

"சரி. நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க ரத்தம் சுத்தமா இருந்துது. இதோ எழுதியிருக்கு. இந்த மூணு வருஷத்துல என்ன மாறிச்சு?"

"ஒண்ணும் மாறலை."

"வயசு மாறியிருக்கு. மாதவிலக்கு நின்னுபோச்சு. அதுக்கப்புறம் உடம்பு சர்க்கரையைக் கையாள்ற விதமே கொஞ்சம் மாறும். அது உங்க தப்பில்ல. வேற?"

"வேற ஒண்ணுமே இல்ல. அதே வேலை, அதே சோறு. எடைகூட ஏறலை."

"எடை பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? இதோ இந்த யூனிபார்ம் பேண்ட்டு. அஞ்சு வருஷமா இதேதான். இன்னும் கச்சிதமா நிக்குது பாருங்க, ஒரு பொத்தான் தெறிச்சதில்ல. பேண்ட்டு பொய் சொல்லுமா?"

கதவோரம் ஒரு இருமல் கேட்டது.

மேலக்கா திரும்பினாள். புருஷன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரையில் ஒன்றுமில்லை.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

"முப்பது வருஷமா உங்க முகத்தைப் பார்க்கறேன். என்ன?"

அவர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுருட்டினார். "அது... பொய் சொல்லிச்சு" என்றார்.

"எது?"

"பேண்ட்டு."

வெளியே வந்தது விஷயம். மூன்று வருஷத்துக்கு முன் ஒருநாள் வேலைக்குப் போகும்போது பொத்தான் போட மூச்சு இழுத்தாளாம். அன்றைக்கு அவள் முகம் வாடியதாம். அவருக்கு மனசு கேட்கவில்லையாம். துவைத்துக் காய்ந்ததும், பின்பக்கத் தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டுத் தைத்தாராம். ஆறு மாசம் கழித்து இன்னொரு அரை. அப்படியே.

"எத்தனை தடவை?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஆறு தடவை. உள்ள விட்டிருந்த துணி தீர்ந்துபோச்சு. கடைசி ரெண்டுக்குப் பின்னால ஒரு துண்டு வெச்சேன். சட்டை மறைச்சுக்கும்."

"என்ன துண்டு?" என்றாள் மேலக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"என் பழைய கால்சட்டைத் துணிதான். நீலத்துக்கு நீலம் ஒத்துப்போச்சு."

"மூணு அங்குலம்!" மேலக்கா எழுந்தே விட்டாள். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைக் கேள்விப்பட்டிருக்கேன். நீங்க பேண்ட்டுல மறைச்சிருக்கீங்களே!"

"நீ வருத்தப்படுவியேன்னு..."

"தெருவுல எல்லார் இடுப்பையும் அங்குலம் தப்பாம சத்தம் போட்டுச் சொல்ற வாய், என் இடுப்புக்கு மட்டும் ஊசி நூல் போட்டுத் தைச்சுக்கிச்சா?"

"ரெண்டு பேரும் வீட்ல போய் சண்டை போடுங்க" என்றார் டாக்டரம்மா. "அம்மா, அவர் ஒண்ணை மறைச்சார். நீங்களும் ஏதோ மறந்திருக்கீங்க. மூணு வருஷம் முன்னாடி கிரேன்ல எப்படி ஏறுவீங்க?"

"படியிலதான். எல்லாரும் படியில..." என்று தொடங்கியவள் நின்றாள்.

லிப்ட் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்புதான். இருநூற்றுப் பன்னிரண்டு படி. பத்தொன்பது வருஷம் ஏறியவள். முதல் ஆளாக லிப்டில் ஏறிக் கைதட்டியவளும் அவள்தான். அதே வருஷம் கேட்டிலிருந்து கிரேன்வரைக்கும் வேன் விட்டார்கள். இருபது நிமிஷ நடை, போக ஒன்று வர ஒன்று, அதுவும் போயிற்று.

"உங்க துறைமுகத்துப் பாஷையிலயே சொல்றேன்" என்றார் டாக்டரம்மா. "கப்பல் வருது, பெட்டியை இறக்கறீங்க. எடுத்துட்டுப் போக லாரி இல்ல. பெட்டி எங்க நிக்கும்?"

"துறையிலயே அடுக்கி நிக்கும். மறுநாளைக்கு நடக்க வழி இருக்காது."

"சாப்பாடுதான் கப்பல். உங்க கால் தசை, தொடைத் தசை, அதெல்லாம்தான் லாரி. ரத்தத்துல இறங்குற சர்க்கரையை வாங்கிட்டுப் போறது அதுங்கதான். மூணு வருஷமா லாரிங்க தூங்குது. நீங்க மூணு மணிக்கு மூணு கப்பலை ஒண்ணா இறக்கிட்டுப் படுக்கறீங்க. அதான் எட்டு புள்ளி ஒண்ணு."

மேலக்கா யோசித்தாள். "அப்ப கப்பலையே நிறுத்தினா? அதைத்தானே செஞ்சேன்."

"துறை கொஞ்ச நாள் காலியாத் தெரியும். ஆனா பட்டினியில கொழுப்போட தசையும் சேர்ந்து கரையும். லாரிக்காரங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, அப்புறம் கப்பல் வந்தா என்ன செய்வீங்க? தண்ணியும் குடிக்காம, வெயில்ல, மாத்திரையை வெறும் வயித்துல போட்டா தலை சுத்தாம என்ன செய்யும்?"

மேலக்கா டாக்டரம்மா கொடுத்த தண்ணீரில் மிச்சமிருந்ததையும் குடித்து முடித்தாள். அவள் ஒருவர் சொல்லைத் தட்டாமல் கேட்டதைப் புருஷன் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"ஒரு வாரம் கேட்டுல உக்காருங்க. ரத்த அழுத்தம், தலைச்சுத்தல் எல்லாம் சரியாகட்டும். அப்புறம் மேல போகலாம். இன்னும் ரெண்டரை மாசம் இருக்கு."

* * *

அந்த ஒரு வாரம் அவளுக்கு ஏழு வருஷம். முத்திரை குத்தும் மேஜை, சுழலும் மின்விசிறி, ஜன்னலில் நீளும் கைகள். எல்லா லாரிக்காரர்களும் குனிந்து எட்டிப் பார்த்து, "அக்கா, கீழ இறங்கி வந்தியா? மழை வரப்போவுது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நிமிர்ந்தால் ஐந்தாம் நம்பர் கிரேன் தெரிந்தது. அவளில்லாமலும் அது அசைந்துகொண்டிருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

எட்டாம் நாள் காலை போர்மேனைப் பிடித்தாள்.

"தம்பி, இனிமே நான் நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்குவேன். நெட்டையோட மாத்திக்கறேன். சாப்பிடுவேன், தண்ணி குடிப்பேன், ஒதுங்குவேன், கொஞ்சம் நடப்பேன், திரும்ப ஏறுவேன். அரை மணி."

"கப்பல் நிக்குமே அக்கா."

"எதுக்கு நிக்கும்? நெட்டை ரெண்டாம் நம்பர்ல சும்மா உக்காந்திருக்கற நேரம் அது. இருபத்திரெண்டு வருஷம் நான் இறங்காதது பெருமைன்னு நெனச்சேன். கண்ணுக்கு ரெண்டு லாரி தெரிஞ்சதுக்கப்புறம்தான் அது பைத்தியக்காரத்தனம்னு புரிஞ்சுது. உனக்கு அரை மணி வேணுமா, தலைக்கு மேல பெட்டி வேணுமா?"

போர்மேன் நிமிர்ந்து மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டான். "அரை மணி" என்றான்.

லிப்ட் வாசலில் நெட்டை கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். மேலக்கா அவனைத் தாண்டிப் படிக்குப் போனாள்.

"அக்கா, லிப்ட் இங்க."

"நீ அதுல போ. நான் லாரிங்களை எழுப்பிட்டு வரேன்."

முதல் நாள் அறுபதாவது படியில் உட்கார்ந்தாள். நூற்றிருபதில் உட்கார்ந்தாள். நூற்று எண்பதில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படி கட்டினவனின் ஏழு தலைமுறையை விசாரித்தாள். மேலே போய்ச் சேர்ந்தபோது நெட்டை கூண்டு வாசலில் கைகட்டி நின்றான். "நேத்தே கிளம்பியிருக்கலாம்ல?" என்றான்.

"சிரிடா, சிரி. அடுத்த மாசம் உன்னை முந்திக்காட்டறேன். நீ லிப்ட்ல வா."

வீட்டில் புருஷன் அவள் தட்டையே மாற்றி அமைத்தார். பாதித் தட்டு காய்கறி. மீதியில் பருப்பு, முட்டை, மீன் என்று ஏதாவது ஒன்று. சோறு அவள் கைப்பிடி அளவு. காலை ஐந்து மணிக்கு ஒருமுறை, பத்து மணிக்குக் கிரேன் அடியில் ஒருமுறை, மூன்று மணிக்கு ஒருமுறை, இருட்டுவதற்குள் ஒருமுறை. டீயில் சர்க்கரை போயிற்று. முதல் வாரம் அது டீயா கழுநீரா என்று தினமும் வழக்கு நடந்தது. தண்ணீர் பாட்டிலுக்குத் தோளில் மாட்டுகிற மாதிரி ஒரு பை தைத்துக் கொடுத்தார். படி ஏறும்போது பாட்டில் இடுப்பில் அடிக்காமலிருக்க உள்ளே பஞ்சு வைத்திருந்தார். அதுதான் அவர் மன்னிப்புக் கேட்கிற பாஷை.

சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, தெருமுனைவரைக்கும் போய்த் திரும்ப வேண்டும். அதுவும் டாக்டர் உத்தரவு.

"நீங்களும் வாங்களேன்."

"எனக்கென்ன வியாதி? நான் குச்சி. எனக்குத் தையல் கிடக்கு."

வாரங்கள் போனதில் பேண்ட் தளர்ந்தது. அவர் ஊசியோடு வந்தார்.

"தொடக் கூடாது" என்றாள்.

"விழுதும்மா!"

"விழட்டும். என் உத்தரவில்லாம இந்த இடுப்புல இனி ஊசி போகக் கூடாது. டாக்டர் நம்பர் சொல்லட்டும். அதுவரைக்கும் பேண்ட்டு உண்மை பேசட்டும்."

ஆக, மேலக்கா ஒரு சணல் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். லாரிக்காரர்கள் கிண்டலுக்குக் குறைவில்லை. "அக்கா, பெட்டியைக் கட்டற கயிறை எடுத்துட்டியா?" அவள் காதில் வாங்கவில்லை. இரண்டாம் மாசக் கடைசியில் நூற்றிருபதாவது படியில் ஒரே ஒரு தடவை நின்றாள். அதுவும் கடலைப் பார்க்க. அதற்கடுத்த வாரம் நெட்டையும் லிப்டை விட்டுவிட்டுப் பின்னாலேயே ஏறினான். வயது முப்பத்தெட்டு, நூறாவது படியில் மூச்சு வாங்கியது. "நேத்தே கிளம்பியிருக்கலாம்ல?" என்றாள் மேலக்கா.

* * *

மூன்று மாசம் முடிந்து ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வாங்கப் போன அன்று, காலையிலிருந்தே அவள் பேச்சு வழக்கத்தைவிடச் சத்தமாக இருந்தது. "ஏழென்ன, ஆறுல வரும்" என்று கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் சொன்னாள். டாக்டர் அறை பெஞ்சில் உட்கார்ந்ததும் கயிற்று முடிச்சைப் பிரிப்பதும் போடுவதுமாக இருந்தாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பிக் காட்டினார்.

"ஆறு புள்ளி ஒன்பது."

"ஏழுக்குக் கீழதானே?"

"கீழதான்."

"அப்ப கையெழுத்தைப் போடுங்க. மை தீர்ந்துடப் போவுது."

டாக்டரம்மா போட்டார். "மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்பேன். படியை விட்டா இது திரும்பி ஏறும்."

"படியை விடறதா? நெட்டையோட எனக்குப் பந்தயம் இருக்கு டாக்டர்."

"இன்னொரு காகிதமும் இருக்கு" என்று டாக்டரம்மா புருஷன் பக்கம் திரும்பினார். "அம்மாவுக்கு ரத்தம் எடுத்த அன்னிக்கு, கூட வந்தவர் சும்மா நிக்கறாரேன்னு உங்ககிட்டயும் ரத்தம் எடுத்தேனே. ஆறு புள்ளி ஒண்ணு."

"என்னைவிடக் கம்மி!" என்றாள் மேலக்கா.

"கம்மிதான். ஆனா அது எல்லைக்கோடு. இன்னும் வியாதி இல்ல. இப்படியே உக்காந்திருந்தா வாசல்ல வந்து நிக்கும்."

"எனக்கா?" அவர் தம்முடைய குச்சிக் கைகளைப் பார்த்துக்கொண்டார். "டாக்டர், நான் ஒல்லி!"

"கையும் காலும் ஒல்லி. லாரியே இல்லாத துறை. நாள்பூரா மெஷின் முன்னாடி, அதுவும் மோட்டார் மெஷின். சட்டையைத் தூக்குங்க பார்ப்போம்."

அவர் தூக்கவில்லை. மேலக்கா அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள்.

"எழுந்திரிங்க."

"இங்க வேணாம்மா, டாக்டர் முன்னாடி..."

"எழுந்திரிங்க. மூச்சை இழுக்காதீங்க."

"நான் இழுக்கலை."

"இழுக்கறீங்க. தெருவுல எல்லாரையும் நீங்க அதட்டற மாதிரி அதட்டணுமா? விடுங்க மூச்சை."

விட்டார். குச்சிக்கு நடுவில் ஒரு சின்னக் குடம் வந்து உட்கார்ந்தது. மேலக்கா டேப்பைச் சுற்றிப் பிடித்து, அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி அளவைச் சொன்னாள். அங்குலம் தப்பாமல் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் பேண்ட்டைத்தான் கேட்டார். இப்போது உத்தரவு உண்டா என்றார். உண்டு என்றாள். பிரித்தார். பின்பக்கத்தில் வரிவரியாகப் பழைய ஊசித் துளைகள். அந்த நீலத் துண்டு தனியாகக் கையில் வந்தது. மேஜைமேல் வைத்து நீவிவிட்டார்.

"இதைத் தூக்கிப் போட்டுடவா?"

"வேணாம்" என்றாள். "உங்க கால்சட்டைக்கு வேண்டியிருக்கும்."

அவர் வாயைத் திறந்தார்.

"பேசாதீங்க. நாளைக்குக் காலைல அஞ்சேகாலுக்கு நீங்களும் கிளம்பறீங்க. வேன் வேணாம், கேட்டிலேருந்து கிரேன் பாதை முழுக்க நான் நடக்கறேன். கேட் வரைக்கும் நீங்க என்னோட வரணும்."

"அங்கேருந்து?"

"அங்கேருந்து நான் மேல ஏறுவேன். நீங்க வந்த வழியே வேகமா திரும்பி நடங்க. நடுவுல எங்கயாவது திண்ணையக் கண்டு உக்காந்தீங்கன்னா, பத்து மாடி மேலேருந்து எனக்கு எல்லாம் தெரியும்."